மிளகாய் இலை சுருண்டால் வைரஸ்தானா?

மார்ச் 3, கேள்வி

மொட்டைமாடியில் 9 பை சம்பா மிளகாய். நட்டு 50 நாள். மூன்று செடியில் நுனி இலை சுருண்டு நிற்கிறது. நர்சரிக்காரர் "வைரஸ், மருந்தே கிடையாது, பிடுங்கி எறிங்க" என்கிறார். இன்னொருவர் போரான் என்ற நுண்சத்து குறைவு என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா புளித்த மோர் தெளிக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மார்ச் 3, இரவு, பதில்

மூன்று பேரையும் விடுங்கள். இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

சுருட்டு எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. இலை விளிம்பு மேலே மடிந்து படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி கீழே வளைந்து, இலை குறுகி, காம்பு மட்டும் எலிவால் போல நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. வைரஸ் என்றால் சுருட்டோடு நிற்காது. இலை சிறுத்து, நரம்பு தடித்து, கணுவுக்குக் கணு நெருங்கி, செடியே குட்டைப் புதர் ஆகிவிடும். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. செடியை லேசாகத் தட்டினால் வெள்ளையாகப் பறக்கிறதா?

போரான் பேச்சு இப்போது வேண்டாம். நம் ஊரில் எது என்று தெரியாத எல்லாவற்றுக்கும் போரான் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

மார்ச் 4

படம் பார்த்தேன். மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள், பயனில்லை. நுனியிலிருந்து மூன்றாவது இலையைத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தை எடுங்கள்.

கண்ணால் மட்டும் பார்த்து "பூச்சியே இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். இலைப்பேன் 1 மில்லிமீட்டர் இருக்கும், வைக்கோல் நிறத்தில் ஒரு சின்னக் கோடு ஓடுவது போல. 10 மடங்கு லென்ஸில் நன்றாகத் தெரியும். முரணைச் சிலந்தி 0.2 மில்லிமீட்டர்தான், 10 மடங்கில் தூசி மாதிரித்தான் இருக்கும். நகைக்கடையில் கல் பார்க்கும் 30 மடங்கு லென்ஸ் வாங்கிவைத்திருக்கிறேன். போன வருடம் நான் வாங்கிய மருந்து எல்லாவற்றையும்விட விலை குறைவு, பயன் அதிகம்.

லென்ஸ் இல்லையா? வெள்ளைத் தாளை நுனிக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். கோடு ஓடினால் இலைப்பேன். இந்த வித்தை முரணைக்கு உதவாது.

மார்ச் 6

படகுக் கணக்கைச் சட்டம் மாதிரி எழுதிவிட்டேன். நேற்று என் மாடியிலேயே அது பொய்த்துவிட்டது. நாலாம் நம்பர் பையில் நடு இலைகள் மேல்நோக்கி மடிந்திருக்கின்றன, நுனி கீழ்நோக்கி. லென்ஸ் வைத்தால் நடுவில் இலைப்பேன், நுனியில் முரணை. இரண்டும் ஒரே செடியில், ஆளுக்கொரு மாடி வாடகைக்கு எடுத்த மாதிரி.

அப்புறம் வைரஸ் சுருட்டையும் மேல்நோக்கித்தான் மடியும். அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆகவே "மேலே மடிந்தால் இலைப்பேன்" என்பதை "மேலே மடிந்தால் இலைப்பேனைத் தேடு" என்று திருத்திப் படியுங்கள். தேடியும் கிடைக்கவில்லை, இலை அடியில் வெள்ளித் தகடு போன்ற கீறலும் இல்லை, செடி வளரவும் இல்லை என்றால்தான் வைரஸ் பக்கம் போக வேண்டும்.

இன்னொன்று. முரணைக்கு இறக்கை கிடையாது. செடிவிட்டுச் செடி போக அது வெள்ளை ஈயின் காலைக் கவ்விக்கொண்டு பயணம் செய்யும். பஸ் ஏறுகிற மாதிரி. அதனால் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் டப்பாவைச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வைரஸ், முரணை இரண்டுக்குமே வண்டி குறையும். இலைப்பேனுக்கு நீல நிறம் நல்லது.

மார்ச் 9

கேட்டவர் தண்ணீர் பற்றி எழுதியிருந்தார்: போர்வெல், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1,100. பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. எங்கள் வீட்டுப் போரும் அதே கதைதான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு போர்த் தண்ணீரை வாயில் வைக்காது. செடிக்கு மட்டும் அதை ஊற்றிவிட்டு "ஏன் மஞ்சளாகுது" என்று கேட்கிறோம்.

மஞ்சளுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. மஞ்சள் கீழே தொடங்கியதா, மேலே தொடங்கியதா? தழைச்சத்து, மெக்னீசியம் இரண்டையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் குறைவு முதலில் தெரிவது கீழ் இலையில். இலை முழுக்க வெளிறினால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக நின்று இடையில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். இரும்பை அப்படி உருவ முடியாது, ஆகவே குறைவு புதுத் தளிரில் தெரியும். சுண்ணாம்புச் சத்தும் அப்படியே. அது காயின் நுனியில் பழுப்பாக அமுங்கிய பள்ளமாகவும் வரும்.

எனக்கு நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். மெக்னீசியத்துக்காக எப்சம் உப்பு போட்டிருக்கிறேன். பத்து நாளில் சொல்கிறேன்.

மார்ச் 10

பத்து நாள் தேவைப்படவில்லை. மேலே நானே எழுதியதை நானே படிக்கவில்லை. மஞ்சளானது என் செடியின் புது இலை. கீழ் இலைகள் கரும்பச்சை. அது இரும்பு. மெக்னீசியத்தைக் கொட்டி என்ன பிரயோஜனம்?

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. பிஎச் 8 உள்ள காரத் தண்ணீரை நாலு மாதம் ஊற்றியதில் வேர் அதை எடுக்க முடியாமல் போய்விட்டது. கல்யாண வீட்டில் பந்தி நிறையச் சோறு இருந்தும் கதவைப் பூட்டிவைத்த மாதிரி. அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு உப்பு, லிட்டருக்கு 5 கிராம், அதில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலையில் தெளித்தேன். சிறுவாணித் தண்ணீர் வந்த அன்று பைக்கு இரண்டு குடம் ஊற்றி, அடியில் வழிய விட்டு உப்பைக் கழுவினேன். வழிந்த தண்ணீரின் டிடிஎஸ் முதல் குடத்தில் 2,300, இரண்டாவது குடத்தில் 900.

துணியில் பட்டால் அன்னபேதிக் கறை போகாது. என் வெள்ளை பனியன் இப்போது மாடிக்கு மட்டும்.

மார்ச் 18

திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள். முரணைக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) நல்ல மருந்து, லிட்டருக்கு 2 கிராம். அடித்தேன். மறுநாள் 5 செடியில் இலை விளிம்பு கருகித் தீய்ந்த அப்பளம் மாதிரி.

நடந்தது இதுதான். 12ஆம் தேதி வேப்பெண்ணெய் தெளித்தேன், லிட்டருக்கு 5 மில்லி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கலந்து. 16ஆம் தேதி கந்தகம். எண்ணெய் தெளித்த இலையில் இரண்டு வாரத்துக்குக் கந்தகம் கூடாது என்பது எனக்குத் தெரியும். பாக்கெட்டிலும் எழுதியிருக்கிறது. "கொஞ்சமாகத்தானே" என்று நினைத்தேன். போதாததற்குக் காலை 10 மணி, பங்குனி வெயில். 32 டிகிரிக்கு மேல் போகிற நாளில் கந்தகம் தனியாகவே இலையைச் சுடும்.

முரணை செத்துவிட்டது. அது மட்டும் உண்மை.

மார்ச் 19

"அப்போ நீங்களும் ஒரு பூச்சிதான் சார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மறுக்கவில்லை.

மார்ச் 27

கருகிய செடிகளில் புதுத் தளிர் நேராக வந்திருக்கிறது. பழைய இலை நிமிரவில்லை, நிமிராது. நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். முரணை தளிரில் உறிஞ்சும்போது விடுகிற எச்சில் இலையின் வளர்ச்சியையே திருகிவிடுகிறது. பூச்சி செத்த பிறகும் இரண்டு வாரத்துக்குச் சுருண்ட இலைதான் வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று அடித்துச் செடியைக் கொல்வார்கள். மருந்து அடித்த அன்று நுனியில் ஒரு நூல் கட்டிவையுங்கள். நூலுக்கு மேலே வருவதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

புளித்த மோர் பற்றி. முதல் நாள் "விடுங்கள்" என்று எழுதியதை வைத்து இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். என் அமுச்சி (அம்மாவின் அம்மா) பல்லடம் பக்கம் தோட்டத்தில் அரப்பு இலையும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த அரப்புமோர் தெளிப்பார், அதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். செடி தளதளவென்று வரும், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளை ஈ கொண்டுவந்த சுருட்டையை மோர் குணமாக்காது. வேறொரு இடத்தில் பாலுக்கு வேலை உண்டு: புகையிலைத் தேமல் வைரஸ் கையாலும் கத்தியாலும் பரவுவது. பாலில் கையை நனைத்துக்கொண்டு நாற்றைத் தொட்டால் அந்தப் பரவல் குறையும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். பக்கத்து வீட்டு அம்மாவை முழுசாகத் தள்ளிவிட்டது தப்புதான். பாதி தள்ளுகிறேன்.

ஏப்ரல் 2

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். நர்சரிக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு செடியைப் பிடுங்கிவிட்டாராம். வேரைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். வேர் முழுக்க முடிச்சு, பாசிமணி கோர்த்த மாதிரி.

நூற்புழு. வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்புழு, வேர்முடிச்சு நூற்புழு. போரானும் இல்லை, வைரஸும் இல்லை. ஒரு மாதமாக நான் இலையையே திருப்பிக்கொண்டிருக்கிறேன். அந்தச் செடி மதியம் வாடி மாலையில் நிமிர்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஈரம் இருக்கும்போதே வாடினால் வேரைப் பார்க்க வேண்டும் என்பது பால பாடம்.

(ஒருவர் "அது தழைச்சத்தைப் பிடிக்கும் நல்ல முடிச்சுதானே" என்கிறார். அது அவரைக் குடும்பத்துக்கு. மிளகாய் வேரில் நல்ல முடிச்சு கிடையாது. நல்ல முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும். இதில் வேரே வீங்கியிருக்கிறது.)

அந்தப் பை மண்ணை வேறு பையில் கொட்டாதீர்கள். போன பருவம் அதில் என்ன இருந்தது? தக்காளி, கத்தரி, வெண்டை என்றால் புழு அங்கேயே பெருகியிருக்கும். மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தாளில் அரை அடி கனத்துக்குப் பரப்பி மூடி, மொட்டைமாடியில் சித்திரை முழுக்க வெயிலில் விடுங்கள். அக்னி நட்சத்திரத்தால் நமக்கு இருக்கும் ஒரே லாபம் இது. அப்புறம் வேப்பம்புண்ணாக்கு கலந்து, முதலில் செண்டுமல்லி போடுங்கள். மிளகாய் அதற்குப் பிறகு.

மற்ற இரண்டு செடி நிமிர்ந்துவிட்டனவாம். அவற்றில் இருந்தது இலைப்பேன்.

ஏப்ரல் 8

கவாத்து. "நுனி கிள்ளினால் கிளை கூடும், காய் இரட்டிப்பு" என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். நானும் கிள்ளினேன். என் மாடியிலும் 9 செடிதான், அதில் 5ஐக் கிள்ளி, 4ஐ விட்டுவைத்தேன். கிள்ளாத நாலும் முதலில் பூத்தன. கிள்ளியவை இரண்டு வாரம் பின்தங்கி, சரியாகக் கடும் வெயிலில் பூவெடுத்து, பூ அத்தனையும் கொட்டியது.

மிளகாய் தானாகவே கவட்டை விடும் செடி. முதல் பூ வரும் இடத்தில் இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக. மிளகாய் வயலில் யாரும் ஏக்கர் முழுக்க நுனி கிள்ளிக்கொண்டிருப்பதில்லை. நெட்டையாக ஒற்றைத் தண்டில் போகிற செடி என்றால் 6, 7 இலையில் கிள்ளலாம், அதுவும் நாற்றுப் பருவத்தில். பூ வந்த பிறகு கிள்ளுவது வீண்வேலை.

கவட்டைக்குக் கீழே தண்டில் வரும் பக்கக் கிளைகளையும், மண்ணைத் தொடும் இலைகளையும் எடுப்பது மட்டும் உருப்படியான கவாத்து. காற்றோட்டம் கிடைக்கும், மண் தெறிக்காது.

ஏப்ரல் 9

ஒரு விதிவிலக்கு. முரணை பிடித்த நுனியை வெட்டலாம். அது இளந்தளிரில்தான் கூட்டமாக இருக்கும், இரண்டு அங்குலம் வெட்டினால் பாதிப் படை போய்விடும். வெட்டியதை நேராக ஒரு கவரில் போட்டு முடிச்சுப் போடுங்கள். நான் வெட்டி, பக்கத்தில் இருந்த மட்குத் தொட்டியில் போட்டேன். தொட்டிக்குப் பக்கத்துப் பையில் மூன்றே நாளில் எலிவால்.

கத்தரிக்கோலால் சுருட்டை வைரஸ் பரவுமா என்று கேட்டிருந்தார்கள். வெள்ளை ஈ வைரஸ் அப்படிப் பரவுவது அரிது. தேமல் வகை பரவும். எது என்று தெரியாதபோது, செடிக்குச் செடி சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுப் போவதில் நஷ்டம் என்ன?

ஏப்ரல் 21

பூ கொட்டுகிறது, தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசல் அடிக்கலாமா, மீனும் வெல்லமும் ஊறவைத்த மீன் அமிலம் ஊற்றலாமா என்று நாலு பேர். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுவிடும், மிளகாய் பூவை உதிர்க்கும். அது நோயல்ல. நிழல்வலை கட்டுங்கள், காலையில் தண்ணீர் விடுங்கள், காத்திருங்கள். இந்த நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் இலை கரும்பச்சையாகக் கொழுத்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு விருந்தாகும்.

ஆனால் வெயில் என்று சொல்லிவிடுவதற்கு முன்னால் பூவை உள்ளங்கையில் உதறிப் பாருங்கள். நான் இன்று உதறினேன். கருப்பாக நாலு கோடு ஓடியது. கருப்பு இலைப்பேன். வழக்கமான இலைப்பேன் இளந்தளிரில் இருக்கும், இது பூவுக்குள் குடியிருக்கும். நம் நாட்டில் 2015இல் பெங்களூரில் பப்பாளியில் கண்டார்கள். 2021இல் தெலங்கானா, ஆந்திரா மிளகாய்க் காடுகளை உரித்துவிட்டது. வேப்பெண்ணெய் பூவுக்குள் சரியாகப் போய்ச் சேராது.

மூன்று நாள் யோசித்துவிட்டு ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து அடிக்கப்போகிறேன், 10 லிட்டருக்கு 3 மில்லி என்ற கணக்கில், தேனீ அடங்கிய பிறகு மாலையில். இயற்கை முறை நண்பர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அதுவும் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா செய்கிற பொருள்தான். ஆனால் அதற்காக வாராவாரம் அடிக்கக் கூடாது, பூச்சி பழகிவிடும்.

ஏப்ரல் 23

"மூன்று நாள் யோசித்து" என்று எழுதிய நான் இரண்டு நாளில் அடித்துவிட்டேன். முதலில் எல்லாப் பூவையும் கிள்ளிக் கவரில் கட்டினேன். எப்படியும் கொட்டப்போகிற பூ. அதிலேயே பாதி வேலை முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது. மருந்தே வேண்டியிருக்காதோ என்னவோ. கிள்ளாமல் ஒரு செடியை ஒப்பிட விட்டிருக்க வேண்டும், விடவில்லை.

மே 5

கருப்பும் ஆரஞ்சும் கலந்த, குட்டி முதலை மாதிரி ஒரு புழு இலையில் நடமாடியது. ஆறு ஏழு பேரை நசுக்கினேன். இரவு படத்தை வைத்துத் தேடினால் அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்ன வந்த ஆள். மிஞ்சியது இரண்டு. அவற்றிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எறும்புப் பாதையில் பையைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினேன். எறும்பு அசுவினியிடம் தேன் கறந்துகொண்டு பொறிவண்டை விரட்டும். எறும்பு வரிசையாக ஏறுகிற செடியில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்த ஒரு விஷயத்துக்கு லென்ஸ் வேண்டாம்.

இலையில் வெள்ளைத் தூள் கொட்டினாற்போல் இருப்பது பூஞ்சணம் என்று ஒருவர் மருந்து வாங்கப் போகிறார். போகாதீர்கள். அது அசுவினி உரித்த சட்டை. ஊதினால் பறக்கும்.

மே 20

கோடை மழை. மாடிச் செடிக்கு அது ஒரே இரவில் செய்ததை நான் மூன்று மாதத்தில் செய்யவில்லை. இலைப்பேன் கழுவிக்கொண்டு போய்விட்டது, பையில் இருந்த உப்பும் போனது, தளிர் பச்சையாக நிற்கிறது. 8 செடியில் பூ நின்றிருக்கிறது. ஒன்பதாவதில் கணு நெருங்கி, இலை நகம் அளவுக்குச் சிறுத்துவிட்டது. நூல் கட்டி மூன்று வாரம் பார்த்தேன். நூலுக்கு மேலேயும் அதேதான், லென்ஸில் ஒரு பூச்சியும் இல்லை. அதைப் பிடுங்கினேன். நர்சரிக்காரர் சொன்னது ஒன்பதில் ஒன்றுக்குச் சரி.

ஜூலை 2

நேற்று பறித்தது 1 கிலோ 200 கிராம். வீட்டில் மோர்மிளகாய் போட்டாகிவிட்டது.

ஆனி மாத மேக மூடாக்கு, சாரல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. இப்போது பழுத்த காயில் கருப்பு வட்டம், வட்டத்துக்குள் வட்டம், அமுங்கின மாதிரி. பச்சைக் காயில் இல்லை. நுனிக் கிளை ஒன்று மேலிருந்து கீழாகக் காய்ந்து வருகிறது. இரண்டும் ஒரே பூஞ்சணத்தின் வேலை என்று சந்தேகப்படுகிறேன். காய்ந்த கிளையைப் பச்சை தெரியும் இடம் வரை வெட்டி, புள்ளி விழுந்த காய்களைப் பொறுக்கிவிட்டேன். அந்தக் காயிலிருந்து விதை எடுக்காதீர்கள், விதையோடு கூடவே வரும்.

படம் எடுத்தேன், மூடாக்கில் தெளிவாக விழவில்லை. வெயில் வந்ததும் போடுகிறேன்.